காபூலுக்குப் போன கெய்சரின் கடிதம்: முதல் உலகப்போரில் ஈரானும் ஆப்கானிஸ்தானும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப்போரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. போரில் சேராத இரண்டு நாடுகளைத் தம் பக்கம் இழுக்க நான்கு பேரரசுகள் என்னென்ன செய்தன, அந்த நாடுகள் எப்படித் தாக்குப்பிடித்தன அல்லது நொறுங்கின என்பதே இவற்றின் மையம்.

எந்த இரண்டு நாடுகள்? யாருக்கும் யாருக்கும் நடுவில்?

ஈரானும் ஆப்கானிஸ்தானும். ஈரானை வெளியுலகம் அப்போது பாரசீகம் என்றே அழைத்தது. ஒரு பக்கம் பிரிட்டனும் ரஷ்யாவும், எதிர்ப்பக்கம் ஜெர்மனியும் உதுமானியத் துருக்கியும்.

பிரிட்டனும் ரஷ்யாவும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவை. 1907இல் இரண்டும் உட்கார்ந்து பேசி ஈரானைப் பங்கு போட்டுக்கொண்டன: வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குக்கு, தென்கிழக்கு பிரிட்டனுக்கு, இடைப்பட்ட பகுதி இரண்டுக்கும் பொது. ஈரானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆப்கானிஸ்தானின் நிலை வேறு. 1879இல் கந்தமக் என்ற ஊரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி அதன் வெளியுறவு முழுக்கப் பிரிட்டனின் கையில் இருந்தது. அதற்கு ஈடாக அமீருக்கு, அதாவது ஆப்கான் மன்னருக்கு, ஆண்டுதோறும் பணம் வந்தது. 1893 முதல் அந்தத் தொகை 18 லட்சம் ரூபாய். உள்ளே அமீர் வைத்ததுதான் சட்டம், ஆனால் வெளிநாட்டு அரசு எதனுடனும் அவர் நேரடியாகப் பேசக் கூடாது.

ஈரான் நடுநிலை என்று அறிவித்தும் அங்கே எப்படிப் போர் நடந்தது?

1914 நவம்பர் 1 அன்று ஈரான் மன்னர் அகமது ஷா நடுநிலையை அறிவித்தார். அவர் முடிசூடி நான்கு மாதம்கூட ஆகவில்லை, வயது பதினாறு. அறிவிப்பு வந்தபோதே வடக்கே ரஷ்யப் படை நின்றுகொண்டிருந்தது. அந்தப் படையைக் காரணம் காட்டி 1915 ஜனவரியில் துருக்கியர் தப்ரீஸ் நகருக்குள் நுழைந்தார்கள். அதே மாதக் கடைசியில் ரஷ்யர்கள் அவர்களை விரட்டினார்கள். இரண்டு படையும் தின்றது அந்த ஊர் விவசாயியின் தானியத்தை.

தெற்கே எண்ணெய். 1908இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தது. போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 1914இல், பிரிட்டிஷ் அரசே ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியிருந்தது. கடற்படைக் கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆபாதான் சுத்திகரிப்பு ஆலையையும் அதற்கு வரும் குழாயையும் காப்பது பிரிட்டனுக்கு உயிர்ப் பிரச்சினை. 1915 பிப்ரவரியில் எதிர்த்தரப்பின் தூண்டுதலால் அந்தக் குழாய் உடைக்கப்பட்டது.

நடுநிலையைக் காக்க ஈரானிடம் என்ன இருந்தது? கொசாக் படைப்பிரிவு என்று ஒன்று, அதன் அதிகாரிகள் ரஷ்யர்கள். ஜாந்தார்மரி என்ற காவல்படை இன்னொன்று, அதன் அதிகாரிகள் சுவீடன்காரர்கள், அவர்களில் பலருக்கு ஜெர்மனியின் மேல் சாய்வு. வீட்டுக் காவல்காரர்களுக்குச் சம்பளமும் உத்தரவும் வெவ்வேறு பக்கத்திலிருந்து வந்தால் வீடு எப்படித் தாங்கும்?

1915 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. துருக்கியின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளும் அதையொட்டிய கடற்கால்களும் (நீரிணைகள்) ரஷ்யாவுக்குப் போகட்டும் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, 1907இல் பொதுவாக விட்டிருந்த ஈரானின் நடுப்பகுதி பிரிட்டனுக்கு என்று ரஷ்யா ஒப்புக்கொண்டது. எல்லாம் ரகசியக் கடிதங்கள். தான் நடுநிலை வகித்துக்கொண்டிருந்த நேரத்தில் தன் நடுப்பகுதி கைமாறியதே தெஹ்ரானுக்குத் தெரியாது.

ஜெர்மனிக்கு ஆப்கானிஸ்தானில் என்ன வேலை?

குறி இந்தியா. இந்தியப் படை பிரான்சிலும் மெசபடோமியாவிலும் போரிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் இந்தியாவுக்குள் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுமார் 15,000 பேர்தான். அந்த நேரத்தில் ஆப்கான் அமீர் கைபர் கணவாயில் இறங்கினால், எல்லைப்புறப் பழங்குடியினரும் சேர்ந்துகொண்டால், பிரிட்டன் ஐரோப்பாவிலிருந்து படையைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்பது பெர்லினின் கணக்கு.

இந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் மாக்ஸ் ஃபொன் ஒப்பன்ஹைம். வங்கிக் குடும்பத்தில் பிறந்து தொல்லியல் ஆய்வாளராகக் கீழைநாடுகளில் சுற்றியவர். முஸ்லிம் மக்களை பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவுக்கு எதிராகக் கிளப்ப வேண்டும் என்று 1914இல் நீண்ட அறிக்கை எழுதினார். அந்த நவம்பரில் துருக்கி சுல்தான் பெயரில் ஜிஹாத் அறிவிப்பு வந்தது. கெய்சர், அதாவது ஜெர்மன் பேரரசர், வில்ஹெல்ம் 1898இலேயே டமாஸ்கஸில் சலாவுதீனின் கல்லறை அருகே நின்று உலகின் 30 கோடி முஸ்லிம்களுக்கு நண்பன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். போர் வந்ததும் அவர் ரகசியமாக இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்ற வதந்திகூட ஈரானியக் கடைத்தெருக்களில் பரப்பப்பட்டது.

காபூல் தூதுக்குழுவில் யார் யார் இருந்தார்கள்?

அமீரைத் தம் பக்கம் இழுக்க ஜெர்மனியும் துருக்கியும் காபூலுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பின. அதில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நோக்கத்தோடு போனவர்கள். வெர்னர் ஓட்டோ ஃபொன் ஹென்டிக் இளம் தூதரக அதிகாரி, பீஜிங்கிலும் தெஹ்ரானிலும் வேலை பார்த்தவர், ரஷ்யப் போர்முனையிலிருந்து அழைத்துவரப்பட்டார். ஆஸ்கர் நீடர்மயர் பவேரியப் பீரங்கிப் படை அதிகாரி, போருக்கு முன்பே ஈரானில் பயணம் செய்தவர். இருவருக்கும் முப்பது வயதுகூட நிரம்பவில்லை அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது. தலைமை யாருக்கு என்பதில் இருவருக்கும் கடைசிவரை உரசல். துருக்கி சார்பில் காசிம் பே.

இந்தியர்களில் முதலாமவர் ராஜா மகேந்திர பிரதாப், உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் பகுதியின் ஜமீன் குடும்பத்தவர். பெர்லினில் கெய்சரை நேரில் சந்தித்து, அமீருக்கான கடிதத்தோடும் இந்திய சமஸ்தான மன்னர்களுக்கான கடிதங்களோடும் புறப்பட்டார். இன்னொருவர் போபாலின் மௌலவி பரக்கத்துல்லா, டோக்கியோவில் உருது கற்பித்தவர். ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகப் பிடிபட்ட பட்டாணியச் சிப்பாய்கள் சிலரும் கூட வந்தார்கள். இந்த இந்தியர்களை ஜெர்மனியின் கைப்பாவைகள் என்று ஒதுக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. ஜெர்மனி அவர்களைப் பயன்படுத்த நினைத்த அளவுக்கு அவர்களும் ஜெர்மனியைப் பயன்படுத்த நினைத்தார்கள்.

எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

நீடர்மயர் சேர்ந்த முதல் கூட்டம் 1914லேயே கிளம்பியது. அப்போது நடுநிலையில் இருந்த ருமேனியா வழியாகச் சாமான்களை சர்க்கஸ் பொருள் என்று எழுதி அனுப்பினார்கள். கூடாரக் கம்பு என்று கட்டியிருந்த மூட்டையிலிருந்து கம்பியில்லாத் தந்திக் கருவியின் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ருமேனிய அதிகாரிகள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள்.

ஹென்டிக்கும் மகேந்திர பிரதாப்பும் 1915 ஏப்ரலில் பெர்லினை விட்டார்கள். கோடையில் இஸ்ஃபஹானில் இரு கூட்டமும் ஒன்று சேர்ந்தன. அங்கிருந்து ஈரானின் உப்புப் பாலைவனம். பகலில் நடக்க முடியாது, இரவில்தான் நடை. தண்ணீர் கிடைத்த இடத்திலும் அது உப்பு. கிழக்கு எல்லையில் வடக்கே ரஷ்யரும் தெற்கே பிரிட்டிஷாரும் காவல்படைகளை நிறுத்தி வேலி போட்டிருந்தார்கள். நடுநிலை நாட்டின் மண்ணில் போடப்பட்ட வேலி அது. தூதுக்குழு கூட்டத்தைப் பிரித்து, பொய்த் தடம் காட்ட ஆட்களை வேறு திசையில் அனுப்பி, அந்த வலையின் கண் வழியே நழுவியது. வழியில் மனிதர்களும் ஒட்டகங்களும் குதிரைகளும் விழுந்தன. ஆகஸ்ட் 24 அன்று ஆப்கானிஸ்தானின் ஹெராத், அக்டோபர் 2 அன்று காபூல்.

அமீர் அவர்களை எப்படி வரவேற்றார்?

இந்தக் கதையில் நான் மிகவும் ரசிக்கும் பகுதி இதுதான்.

அமீர் ஹபிபுல்லா 1901 முதல் ஆண்டவர். 1907இல் வைஸ்ராயின் விருந்தினராக இந்தியா வந்து பிரிட்டனின் பலத்தைக் கண்ணால் பார்த்தவர். அதே நேரம் அவருடைய தம்பி நஸ்ருல்லா, மகன் அமானுல்லா, 'சிராஜுல் அக்பார்' பத்திரிகையின் ஆசிரியர் மஹ்மூத் தர்ஸி ஆகியோர் பிரிட்டனுக்கு எதிரானவர்கள். முல்லாக்களும் எல்லைப் பழங்குடியினரும் ஜிஹாத் பேச்சில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மதில்மேல் பூனை என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்த மதிலின் இருபுறமும் பள்ளம்.

விருந்தாளிகளை பாபர் தோட்டத்து மாளிகையில் தங்கவைத்தார். நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை, வாசலில் காவல். வெளியே போக அனுமதி இல்லை, அமீரைப் பார்க்கவும் இல்லை. நாள்கள் ஓடின. கடைசியில் உண்ணாவிரதம் இருப்போம் என்று தூதுக்குழுவினர் மிரட்ட வேண்டியதாயிற்று. அக்டோபர் 26 அன்றுதான் பக்மான் மலையூர் மாளிகையில் சந்திப்பு. அங்கே போக அமீரின் ரோல்ஸ் ராய்ஸ் கார் வந்தது.

சந்திப்பில் அமீர் அவர்களைச் சரக்கு விரிக்க வந்த வணிகர்களாகவே நடத்தினார்: நீங்கள் விரித்துக் காட்டுங்கள், எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசினார். இவ்வளவு முக்கியமான காரியத்துக்கு இவ்வளவு சிறுவயதினரை அனுப்பியிருக்கிறார்களே என்றார். கெய்சரின் கடிதம் தட்டச்சில் இருந்ததைப் பார்த்து அது உண்மையிலேயே கெய்சர் எழுதியதுதானா என்று ஐயப்பட்டார். அந்தச் சொல் ஒவ்வொன்றும் பேரத்தின் ஒரு படி என்றே நான் படிக்கிறேன். அவருக்கு வேண்டியது காலம். போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்வரை யாரையும் விரட்டக் கூடாது, யாரிடமும் சிக்கவும் கூடாது.

பிரிட்டன் சும்மா இருந்ததா?

இல்லை. காபூலில் பிரிட்டிஷ் முகவர் என்று இருந்தவர் ஓர் இந்திய முஸ்லிம். ஐரோப்பியரை அந்தப் பதவியில் வைக்க ஆப்கானியர் சம்மதிப்பதில்லை. அவர் வழியாக வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தன் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று 1915 செப்டம்பரில் அமீருக்கு அனுப்பப்பட்டது. ஆண்டுத் தொகையும் உயர்த்தப்பட்டது. ஜெர்மன் கடிதம் தட்டச்சில், பிரிட்டிஷ் கடிதம் கையெழுத்தில்! இந்த வேறுபாடு காபூல் போன்ற ஓர் அவையில் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் ஹார்டிஞ்சின் பொறுமையையும் சொல்ல வேண்டும். தூதுக்குழுவைப் பிடித்துக் கொடு என்று அமீரை நெருக்கியிருந்தால் அவர் தன் மக்கள் முன் அவமானப்பட்டிருப்பார். விருந்தாளியைக் காட்டிக்கொடுப்பது அந்த மண்ணில் மன்னிக்கப்படாத குற்றம். ஹார்டிஞ்ச் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

ஒப்பந்தம் ஏதாவது ஏற்பட்டதா?

1916 ஜனவரி 24 தேதியிட்ட நட்புறவு ஒப்பந்த வரைவு ஒன்று உருவானது. பத்து விதிகள். ஆப்கானிஸ்தானின் சுதந்திரத்தை ஜெர்மனி ஏற்கும், ஒரு லட்சம் துப்பாக்கிகள், 300 பீரங்கிகள், பெருந்தொகையில் பணம் தரும். ஆயுதம் வந்து சேரப் பாதை வேண்டுமே? பாதை ஈரான் வழியாக, ஈரானோ ரஷ்ய, பிரிட்டிஷ் படைகளின் கையில் போய்க்கொண்டிருந்தது. குறைந்தது 20,000 துருக்கிய அல்லது ஜெர்மன் வீரர்கள் வந்து நின்றால் பார்க்கலாம் என்பது அமீரின் நிலை. அது நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

வரைவு உருவான சில நாள்களில் கூடிய தர்பாரில் ஜிஹாத் அறிவிப்பு வரும் என்று பலர் காத்திருந்தார்கள். அமீர் நடுநிலையை மறுபடி உறுதிசெய்தார். பிரிட்டிஷ் முகவரிடமும் அதையே சொன்னார்.

வரைவில் ஒன்றைக் கவனியுங்கள். சுதந்திர நாடு என்ற அங்கீகாரம் ஓர் ஐரோப்பிய அரசின் பெயரில் எழுத்தில் வந்துவிட்டது. அமீர் அள்ளிக்கொண்ட சரக்கு அதுதான்.

காபூலில் அமைந்த 'இந்திய அரசு' என்பது என்ன?

1915 டிசம்பர் 1 அன்று தற்காலிக இந்திய அரசு காபூலில் அறிவிக்கப்பட்டது. மகேந்திர பிரதாப் குடியரசுத் தலைவர், பரக்கத்துல்லா பிரதமர், தேவ்பந்த் இஸ்லாமியக் கல்விக்கூட மரபில் வந்த உபைதுல்லா சிந்தி உள்துறை அமைச்சர். ஓர் இந்து ஜமீன்தாரும் முஸ்லிம் அறிஞர்களும் சேர்ந்து 1915இலேயே நாடுகடந்த ஓர் அரசை அறிவித்தார்கள் என்பது நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

உபைதுல்லா சிந்தி தன் ஆசிரியர் மஹ்மூத் ஹசனுக்கு மஞ்சள் பட்டுத் துணியில் கடிதம் எழுதி ஆள்வழி அனுப்பினார். சட்டைக்குள் வைத்துத் தைத்தால் காகிதம்போல் சரசரக்காது. 1916 ஆகஸ்டில் அது பஞ்சாபில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சிக்கியது. வலைப்பின்னல் முழுதும் வெளிப்பட்டது. மஹ்மூத் ஹசன் அரேபியாவின் ஹிஜாஸில் கைதாகி மால்டா தீவில் அடைக்கப்பட்டார். ரேஷ்மி ருமால், அதாவது பட்டுக் கைக்குட்டை இயக்கம் என்று வடநாட்டில் இதைச் சொல்வார்கள்.

செண்பகராமன் பிள்ளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அவர் எம்டன் கப்பலில் சென்னைக்கு வந்தாரா?

தொடர்பு நேரடியானது. திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பத்தில் 1891இல் பிறந்த செண்பகராமன், நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1914இல் இந்திய ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கினார். பிறகு பெர்லின் போய், சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாய முதலியோருடன் பெர்லின் குழு என்ற இந்தியப் புரட்சியாளர் குழுவில் சேர்ந்தார். மகேந்திர பிரதாப்பை காபூலுக்கு அனுப்பும் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் குழு. காபூல் அரசின் வெளியுறவு அமைச்சராகவும் செண்பகராமன் பெயரைச் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள்.

எம்டன் விஷயத்தில் மனது ஏற்க மறுத்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சீனக் கரையிலிருந்த சிங்தாவ் தளத்தைச் சேர்ந்தது. போர் தொடங்கும் முன்பே அங்கிருந்து கடலுக்குப் புறப்பட்டுவிட்டது. அந்தக் கோடையில் சூரிச்சில் இருந்த ஒருவர் அதில் ஏற வழியே இல்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் நாம் சொல்கிறோம். அந்தச் சொல்லின் வலிமையே நம் ஊர்க்காரர் ஒருவரைக் கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட வைத்திருக்கிறது. எம்டனைச் சேர்க்காமலே செண்பகராமன் பெரியவர். 1934இல் பெர்லினில் இறந்தார். சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

வாஸ்முஸ் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

வில்ஹெல்ம் வாஸ்முஸ், புஷேர் துறைமுகத்தில் ஜெர்மன் துணைத் தூதராக இருந்தவர். பாரசீகம் சரளமாகப் பேசுவார், அந்த ஊர் உடையில் திரிவார். நீடர்மயர் கூட்டத்திலிருந்து பிரிந்து தென்ஈரானுக்கு வந்து தங்கிஸ்தான் பழங்குடியினரோடு கலந்துவிட்டார். 1915 மார்ச்சில் பிடிபட்டு, இரவில் தப்பினார். சாமான்கள் பின்னால் தங்கிவிட்டன. அந்த மூட்டையில் ஜெர்மன் சங்கேதப் புத்தகம் இருந்தது, அதை வைத்துத்தான் பிரிட்டன் பின்னாளில், மெக்சிகோவுக்கு ஜெர்மனி ரகசியமாக அனுப்பிய புகழ்பெற்ற சிம்மர்மன் தந்தியைப் படித்தது என்று ஒரு கதை உண்டு. அது உண்மையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஆனால் வாஸ்முஸைப் பற்றிப் பேசும்போது நாம் மறப்பது ரயிஸ் அலி தில்வாரியை. தங்கிஸ்தானின் அந்த இளம் தலைவர் பிரிட்டிஷ் படையை எதிர்த்து 1915 செப்டம்பரில் கொல்லப்பட்டார். ஈரானில் இன்றும் அவர் வீரர். அவர் போரிட்டது ஜெர்மனிக்காக அல்ல, தன் கடற்கரைக்காக. ஐரோப்பிய உளவாளியின் சாகசமாக எழுதப்படும் பல நூல்களில் அவர் பெயர் ஓரத்தில்கூட வருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

போர் முடிந்து ஊர் திரும்பிய வாஸ்முஸ், பழங்குடியினருக்கு வாக்களித்த பணத்தை ஜெர்மன் அரசு தராததால் மனம் கேளாமல் 1920களில் மறுபடி புஷேர் பக்கம் வந்து விவசாயம் செய்தார். விளைச்சலில் கடனை அடைக்க நினைத்தார். முடியவில்லை. 1931இல் இறந்தார்.

தெஹ்ரானில் 1915 நவம்பரில் என்ன நடந்தது?

ஷாவை யார் கையில் வைத்திருப்பது என்ற போட்டி உச்சத்துக்குப் போன மாதம் அது. ரஷ்யத் தளபதி பராத்தோவ் காஸ்பியன் கரையில் படையை இறக்கித் தலைநகரை நோக்கி நகர்ந்தார். ஜெர்மன் தூதர் இளவரசர் ராய்ஸ், அரசவை தெஹ்ரானை விட்டு வெளியேற வேண்டும் என்று வற்புறுத்தினார். மஜ்லிஸ் என்ற ஈரானிய நாடாளுமன்றத்தின் உறுப்பினர் பலர் கும் நகருக்குக் கிளம்பியே விட்டார்கள். ஷாவின் பயணத்துக்கும் எல்லாம் தயார்.

கடைசி நேரத்தில் பிரிட்டிஷ், ரஷ்யத் தூதர்கள் வந்து பேசினார்கள். ஷாவின் தந்தை, முன்பு பதவி பறிக்கப்பட்ட முன்னாள் ஷா, ரஷ்ய மண்ணில் உயிரோடு இருந்தார் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பதினேழு வயது ஷா தங்கிவிட்டார். போனவர்கள் கெர்மான்ஷாவில் தனி அரசு அமைத்தார்கள். 1916 தொடக்கத்தில் ரஷ்யப் படை அங்கும் வந்தது.

அதே நவம்பரில் ஷிராஸில் ஜாந்தார்மரிக்காரர்கள் பிரிட்டிஷ் துணைத் தூதர் ஓகானரையும் அங்கிருந்த பிரிட்டிஷாரையும் பிடித்துப்போய் அஹ்ராம் கோட்டையில் மாதக்கணக்கில் வைத்தார்கள். நாடே இரண்டு அரசு, இரண்டு காவல்படை, நான்கு அந்நியர் என்று சிதறிக் கிடந்தது.

தூதுக்குழு எப்படித் திரும்பியது?

1916 மே மாதம் காபூலை விட்டு ஆளுக்கொரு திசையில். நீடர்மயர் ரஷ்யத் துருக்கிஸ்தான் வழியாக, கொள்ளையரிடம் எல்லாவற்றையும் இழந்து, பிச்சைக்காரனைப் போல் நடந்து ஈரானுக்குள் வந்து துருக்கியப் படையை அடைந்தார். ஹென்டிக் பாமீர் மலைகளைக் கடந்து யார்க்கண்டுக்கு இறங்கி, சீனாவைக் குறுக்கே தாண்டி ஷாங்காய் வந்து, அமெரிக்கக் கப்பலில் ஒளிந்து ஹோனலூலு போய், அமெரிக்கா வழியாக 1917இல் பெர்லின் சேர்ந்தார். சீனாவும் அமெரிக்காவும் அப்போது நடுநிலை என்பதால்தான் அந்த வழி திறந்திருந்தது.

நீடர்மயர் 1948இல் சோவியத் சிறையில் இறந்தார். ஹென்டிக் 1984 வரை வாழ்ந்தார். மகேந்திர பிரதாப் 1946இல் இந்தியா திரும்பி, 1957இல் மதுராவில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குப் போனார். அந்தத் தேர்தலில் அங்கே தோற்றவர்களில் ஒருவர் அடல் பிகாரி வாஜ்பாய்.

வேறு நடுநிலை நாடுகளிலும் இப்படி நடந்ததா?

நிறைய. அமெரிக்காவில் இந்தியப் புரட்சியாளர்களின் அமைப்பான கதர் கட்சியினருக்காக ஜெர்மன் பணத்தில் ஆயுதம் வாங்கப்பட்டது, அதன் வழக்கு 1917இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கி நீதிமன்றத்துக்குள்ளேயே கொலையில் முடிந்தது. டச்சு ஆட்சியிலிருந்த பட்டாவியாவும் (இன்றைய ஜகார்த்தா) சயாமும் (இன்றைய தாய்லாந்து) இந்தியப் புரட்சியாளர்களின் வழித்தடங்கள். அவை தனியாக எழுத வேண்டியவை.

ஹபிபுல்லா கோழையா, ராஜதந்திரியா?

அவர் காலத்து ஆப்கான் இளைஞர்கள் கோழை என்றார்கள். 1919 பிப்ரவரியில் வேட்டைக்குப் போன இடத்தில், கூடாரத்தில் உறங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் அமானுல்லா ஆட்சிக்கு வந்து அந்த மே மாதமே பிரிட்டனோடு போர் தொடுத்தார். ஆகஸ்ட் 8 அன்று ராவல்பிண்டி ஒப்பந்தத்தில் ஆப்கானிஸ்தான் தன் வெளியுறவைத் தானே நடத்தும் உரிமையை வென்றது.

எல்லாப் புகழும் மகனுக்குப் போயிற்று. என் கருத்து வேறு. 1919இல் போரிடுவதற்கு ஒரு முழு நாடு மிச்சம் இருந்தது, ஏனென்றால் 1915இல் தந்தை அதை அடகு வைக்கவில்லை. பிரிட்டன் களைத்துப்போய், ரஷ்யா புரட்சியில் மூழ்கியிருந்த நேரத்தில் அமானுல்லா அடித்தார். அந்த நேரம் வரும்வரை காத்தவர் ஹபிபுல்லா. மலையும் தொலைவும் அவருக்குத் துணை நின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈரானுக்கு அந்த மதில் இல்லை, எண்ணெய் வேறு இருந்தது.

போர் முடிந்தபின் ஈரானுக்கு என்ன கிடைத்தது?

பஞ்சம். 1917 முதல் 1919 வரை மழை பொய்த்தது, படைகள் தானியத்தையும் பொதி சுமக்கும் விலங்குகளையும் எடுத்துக்கொண்டன, இன்ஃப்ளூயன்சா வேறு வந்தது. பல லட்சம் பேர் இறந்தார்கள். போரில் ஈடுபடாத ஒரு நாட்டின் சாவுக் கணக்கு இது.

இழப்பீடு கேட்க 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டுக்கு ஈரான் தூதுக்குழுவை அனுப்பியது. நடுநிலை நாடு என்று காரணம் காட்டப்பட்டு அதற்கு இடம் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஈரானின் ராணுவத்தையும் நிதியையும் தன் ஆலோசகர்களிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் ஒன்றை பிரிட்டன் தயாரித்தது. பிரதமர் வுசூக்குக்கும் இரண்டு அமைச்சர்களுக்கும் அதற்காகக் கொடுத்த தொகை சுமார் 1,31,000 பவுண்டு. செய்தி கசிந்து மக்கள் கொதித்தார்கள், மஜ்லிஸ் அதை அங்கீகரிக்கவே இல்லை.

இவற்றுக்கெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கும் சான்று ஏதாவது உண்டா?

தபால்தலை சேகரிப்பவர்களைக் கேளுங்கள். 1915 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை புஷேரைப் பிடித்தபோது தபால் நிலையத்தில் இருந்த ஈரானியத் தபால்தலைகளையே எடுத்து, அவற்றின் மேல் 'புஷேர், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பின் கீழ்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விற்றார்கள். அக்டோபர் நடுவில் ஊர் ஈரானிடம் திரும்ப ஒப்படைக்கப்படும்வரை அவைதான் புழக்கத்தில் இருந்தன. அந்தத் தலைகளில் பலவற்றில் அகமது ஷாவின் இளம் முகம் இருக்கிறது. கறுப்பு எழுத்து அந்த முகத்தின் மேலேயே விழுந்திருக்கிறது.